பேச்சியம்மாவின் லண்டன் ஒத்திகை

வட்டவளை ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதையை விட்டு மேலே ஏறும் லொறிப் பாதையில் போனால் ஊசிமலைத் தோட்டம் வரும். கம்பெனிக் கணக்கில் அதற்கு வேறொரு பெயர் உண்டு. யாரோ ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தன் ஊர் ஞாபகமாக வைத்துவிட்டுப் போன பெயர். அதைத் தோட்டத்தில் துரை ஒருவரால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்பதால் மற்றவர்கள் எல்லோரும் ஊசிமலை என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் பேச்சியம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்து பறிப்பதில் அவளை மிஞ்ச ஆளுண்டு. வாயில் மிஞ்ச ஆளில்லை. கூடைக்குள் முற்றல் இலை கிடக்கிறதென்று கங்காணி ஒரு பிடி அள்ளிக் காட்டினால், "ஏங்க கங்காணி, ஒங்க தலையிலயும்தான் முத்துனது நெறைய கெடக்கு. அதுக்காகக் கொட்டிட்டு வான்னா சொல்றோம்" என்பாள். பெற்றவர்கள் குலதெய்வத்தை நினைத்து வைத்த பெயர்தான். பிள்ளை அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டுவிட்டது. புருஷன் செல்லசாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவன் பேசி நாலு பேர் கேட்டதில்லை. வீட்டுக்கு இத்தனை பேச்சு என்று கடவுள் அளந்து கொடுத்ததை அவள் ஒருத்தியே எடுத்துக்கொண்டாள் என்று, ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் அவர்கள் லயத்தில் சொல்வார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் துரைக்கு லண்டனிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அங்கே கம்பெனி பெரிய தேயிலைக் கண்காட்சி நடத்தப் போகிறது. மண்டபத்துக்குள்ளேயே ஒரு மலை கட்டி, அதில் செடி வைத்து, கூடையோடு ஒரு பெண்ணை நிறுத்தப் போகிறார்கள். மலையை அட்டையால் செய்துவிடலாம். செடியைக் கடதாசியால் செய்துவிடலாம். ஆளைச் செய்ய மட்டும் அந்த ஊரில் வழி தெரியவில்லை போலும். நிஜமான கொழுந்துக்காரி ஒருத்தியை அனுப்பிவைக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைத் துரையின் மனைவி துரைசாணி ஏற்றுக்கொண்டாள். ஒருநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்களை வரிசையாக நிறுத்திவைத்து, குதிரை வாங்க வந்தவளைப் போல முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். சின்னப் பெண்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்கள். பெரியவர்கள் எதற்கு வம்பு என்று குனிந்தார்கள். பேச்சியம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததோடு நில்லாமல் சிரித்தும் வைத்தாள். துரைசாணி அப்படியே நின்றுவிட்டாள். மற்ற எல்லோருடைய பல்லும் வெற்றிலைக் காவியேறிக் கிடக்க, இவள் பல் மட்டும் பால் போல வெள்ளையாக இருந்தது. வெற்றிலை போட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமே, அது முடியாது என்பதால் பேச்சியம்மா வெற்றிலையே போடுவதில்லை. இப்படியாக, வாய் ஓயாதவள் என்ற காரணத்தாலேயே, வாயைத் திறக்காமல் நின்று சிரிக்க வேண்டிய ஒரு வேலைக்கு அவள் தெரிவானாள்.

துரை அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். இருபது வருஷமாகத் தமிழ் பேசுகிறவர் அவர். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி முடிக்கத்தான் கற்றிருந்தார்.

"நீ லண்டன் போறது. கூடை பிடிக்கிறது. நல்லா சிரிக்கிறது. ஒரு மாசம் திரும்ப வர்றது."

"யாரைப் பார்த்துங்க சிரிக்கிறது, தொரை?"

"வர்ற ஆள் எல்லாம் பார்த்து."

"ஒரு மாசமும்ங்களா?"

மற்ற விவரங்களைக் கண்டாக்கையா சொல்வார் என்று துரை கையைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் லயத்தின் முன்னால் திருவிழாக் கூட்டம். போகாதே என்றவர்கள் பாதி. எனக்கு ஒரு துணி வாங்கி வா என்றவர்கள் பாதி. செல்லசாமியிடம் கேட்டாள். "போய்ட்டு வா" என்றான். அவனுக்கு அது நீண்ட பேச்சு.

அவளுக்கே போக ஆசை வந்தது பங்களாவுக்குப் போன பிறகுதான். பங்களாவில் சமையல் அப்புவாக இருந்த கந்தப்பன், முன்னிருந்த துரையோடு கப்பலேறி லண்டன் போய் வந்தவன். அவன் சொன்ன மற்ற விஷயங்கள் எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மண்ணுக்கு அடியில் ரயில் ஓடுகிறதாம். ஓடட்டும், நமக்குத்தான் சிங்கமலையைக் குடைந்து உள்ளே ஓடுகிறதே என்றாள். ஒரே ஒரு விஷயம் அவளைப் பிடித்து நிறுத்தியது.

"அங்க ரோடு கூட்டுறது யாருன்னு நெனைக்கிற?" என்றான் கந்தப்பன், துரைசாணி பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு. "வெள்ளைக்காரன். மூட்டை தூக்குறது வெள்ளைக்காரன். குப்பை அள்ளுறதும் அவன்தான்."

"சும்மா சொல்லாதீங்கண்ணே."

"இந்தக் கண்ணால பார்த்தேன். விளக்குமாத்தைப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு."

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "அப்ப நான் போறேன்" என்றாள்.

ஏற்பாடுகள் கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயாவின் தலையில் விழுந்தன. மலையில் நடக்கும் வேலைகளுக்கெல்லாம் மேற்பார்வைக்காரர் அவர். கொழும்பைத் தாண்டிப் போனதில்லை என்றாலும், லண்டனைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியவர். முதல் வேலையாக அவர் எல்லாவற்றையும் விளக்கினார்.

"அங்க உள்ளது நெச மலை இல்ல பேச்சி. அட்டை மலை. மேலேருந்து கீழ வரைக்கும் அட்டை."

"லண்டன்லயும் அட்டைக்கடி இருக்குங்களா ஐயா? அப்ப சுண்ணாம்பு கொண்டுபோவணும்."

அந்த அட்டை வேறு, இந்த அட்டை வேறு என்று புரியவைப்பதற்குள் அவருக்குப் பாதிப் பகல் போய்விட்டது. அவள் புரியாமல் கேட்டாளா, புரிந்துகொண்டே கேட்டாளா என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

பெயரை மாற்றுவது அடுத்த காரியம். துரைசாணியின் வாயில் பேச்சியம்மா என்ற பெயர் நுழைந்து வெளியே வரும்போது, நாலு பேர் நடுவில் சொல்லக்கூடாத ஒன்றாக ஆகியிருந்தது. பங்களாத் தோட்டக்காரன் செடிக்குப் பின்னால் போய்ச் சிரித்தான். எனவே கண்காட்சி முடியும்வரை அவள் பெயர் லெட்சுமி என்று தீர்மானமாயிற்று. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது ஒன்றுதான் குறை.

ஹட்டன் பஜாரில் அவளுக்குச் சப்பாத்து தேடினார்கள். மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி விரிந்த பாதத்துக்குப் பொம்பளைச் சப்பாத்து எதுவும் சேரவில்லை. கடைசியில் கடைக்காரர் மயில்வாகனம் முதலாளி, பந்து விளையாடுகிறவர்கள் போடும் கென்வஸ் சப்பாத்து ஒரு சோடியை எடுத்துப் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு பேச்சியம்மா பஜாரில் நடந்தபோது, கால் தன்னுடையது இல்லையோ என்று ஒவ்வொரு எட்டுக்கும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

குளிருக்கு எப்படிப் பழகுவது என்று துரைசாணி ஒரு நாள் வகுப்பு எடுத்தாள். கண்டாக்கையா மொழிபெயர்த்தார். லண்டனில் காலையில் எழும்போது பனியாக இருக்குமாம். சில நாள் மழையும் சேர்ந்து பெய்யுமாம். அப்போது உடம்பை மூடிக்கொள்ள வேண்டுமாம். விடியுமுன் எழுந்து, ஒழுகுகிற தகரக் கூரையிலிருந்து வெளியே வந்து, மலைச்சாரலில் நனைந்தபடி பெரட்டுக்கு நிற்கும் பேச்சியம்மா, இதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடப் பாவமே," என்றாள். "எப்படித்தான் தாங்குறாங்களோ."

இதைத் துரைசாணிக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், நன்றி சொல்கிறாள் என்றார் கண்டாக்கையா.

வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கும் என்று கந்தப்பன் சொன்னபோதுதான் அவளுக்கு முகம் சுருங்கியது. "சமைக்கிற வீட்டுக்குள்ளயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். லயம் முழுவதற்கும் ஒரே கக்கூஸ், அதுவும் மலைச்சரிவில், கதவு போன இடம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்ற மரியாதை அவளுக்கு இருந்தது. வெள்ளைக்காரரைப் பற்றி அவள் வைத்திருந்த அபிப்பிராயம் அன்றைக்கு ஒரு படி கீழே இறங்கியது.

பங்களாச் சமையலறையில்தான் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கண்காட்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் கையாலேயே ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பதால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றாள் துரைசாணி. தான் பறித்த கொழுந்தின் முதல்தரத் தூளை அவள் குடிப்பது அதுவே முதல் தடவை. லயத்துக்குக் கிடைப்பது தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கூட்டி அள்ளிய தூசு. கந்தப்பன் பூப்போட்ட கோப்பையில் பொன் நிறமாக ஊற்றி நீட்டினான். பேச்சியம்மா நிதானமாகக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. தேத்தண்ணி எப்ப வரும்?"

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ரோட்டைக் கடப்பது. லண்டனில் மனிதர்கள் சாவது வியாதியால் அல்ல, ரோட்டைக் கடக்கத் தெரியாததால்தான் என்று கண்டாக்கையா எங்கோ படித்திருந்தார். பெரட்டுக் களம் லண்டன் தெருவாயிற்று. தோட்டத்து லொறி லண்டன் பஸ். அதை ஓட்டுவது டிரைவர் வீரய்யா. கண்டாக்கையா ஒரு கையில் சிவப்புத் துணியும் மறு கையில் பச்சைத் துணியும் பிடித்து ஒரு கல்லின் மேல் ஏறி விளக்குக் கம்பமாக நின்றார்.

"சிவப்புன்னா நிக்கணும். பச்சைன்னா நடக்கணும். வெளங்குதா?"

"பச்சைக்குள்ளதானய்யா பொறந்ததுலேருந்து நிக்கிறோம். இப்பத்தான் நடக்கச் சொல்றீங்க."

வேலை முடிந்து வந்த சனம் சுற்றி நின்று பார்த்தது. முதல் இரண்டு தடவை ஒழுங்காக நடந்தது. மூன்றாம் தடவை கண்டாக்கையா சிவப்பைக் காட்டினார், பேச்சியம்மா நின்றாள், லொறி வந்தது. காலையில் பெய்த மழையில் களம் சேறாகிக் கிடந்ததை லண்டன் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. வீரய்யா பிரேக்கை மிதிக்க, லொறி வழுக்கிக்கொண்டு நேராக விளக்குக் கம்பத்தைப் பார்த்து வந்தது. விளக்குக் கம்பம் கல்லை விட்டுக் குதித்து, துணிகளைப் போட்டுவிட்டு ஓடி, பக்கத்து வடிகால் கானுக்குள் விழுந்தது.

லொறி கல்லில் முட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. எல்லோரும் கானை நோக்கி ஓடினார்கள். பேச்சியம்மா மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"வாயேன் பேச்சி, ஐயாவைத் தூக்க," என்று கூப்பிட்டான் வீரய்யா.

"ஐயா இன்னும் பச்சை காட்டலையே," என்றாள் அவள்.

கடைசிப் பாடம் பேச்சு. அதாவது, பேசாமல் இருப்பது. கேள்வி கேட்பவர்களுக்குச் சொல்ல அவளுக்கு இரண்டே இரண்டு ஆங்கிலச் சொல் கொடுக்கப்பட்டது: வெரி ஹாப்பி. ஒப்பீஸ் விறாந்தையில் கண்டாக்கையா லண்டன்காரராக உட்கார்ந்து கேள்வி கேட்டார். துரைசாணி பக்கத்தில் இருந்து கவனித்தாள்.

"உனக்கு வேலை புடிச்சிருக்கா?"

"வெரி ஹாப்பி."

"தோட்டத்துல எப்படிப் பார்த்துக்கிறாங்க?"

"வெரி ஹாப்பி."

துரைசாணி கை தட்டினாள். பேச்சியம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, ஒரு காம்பராவுல எத்தனை பேரு இருக்கீங்கன்னு கேட்டா?"

"வெரி ஹாப்பின்னு சொல்லு."

"புள்ளைங்க எத்தனைன்னு கேட்டா?"

"வெரி ஹாப்பி."

"எத்தனை செத்துப்போச்சுன்னு கேட்டா?"

கண்டாக்கையா துரைசாணியைப் பார்த்தார். என்ன கேட்கிறாள் என்று துரைசாணி விசாரித்தாள். இங்கிலாந்து ராணியைப் பார்க்க முடியுமா என்று கேட்கிறாள் என்றார் கண்டாக்கையா. அவர் கெட்டவரல்ல. அந்த இரண்டு சொல்லுக்குள் இன்னும் எத்தனையை அடைக்க முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பேச்சியம்மாவுக்கு நாலு பிறந்து இரண்டு தங்கியிருந்தது.

இப்படிக் கரண்டியால் ரொட்டி பிய்த்துத் தின்பதுவரை எல்லாம் பழகி முடிந்த பிறகு, பாஸ்போட் எடுக்க வேண்டும் என்பது ஒருவருக்கு ஞாபகம் வந்தது. கண்டாக்கையாவும் பேச்சியம்மாவும் கொழும்புக்கு ரயிலேறினார்கள்.

முதலில் போன அலுவலகத்தில் இருந்தவர் சிங்களவர், பொறுமையான மனிதர். பேச்சியம்மா சிங்களத்திலேயே பேசியது அவருக்குச் சந்தோஷம். உங்களுடைய நாடு எது என்று கேட்டார்.

"வட்டவளை, மாத்தயா."

"அது ஊர். நாடு?"

"பொறந்தது அங்கதான். எங்கப்பா பொறந்ததும் அதே லயந்தான். அதுக்கு மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவர் பேனாவை மூடி வைத்தார். சுதந்திரம் கிடைத்த வருஷமே ஒரு சட்டம் செய்து, தோட்டத்துச் சனங்களில் மிகப் பெரும்பாலோரை நாட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். வேண்டுமென்றால் மனுப் போடுங்கள் என்றும் பிறகு சொன்னார்கள். செல்லசாமியும் போட்டிருந்தான். அது விசாரணையில் இருந்தது. போட்ட நாளிலிருந்தே விசாரணையில்தான் இருந்தது. இலங்கைப் பிரஜை இல்லாதவருக்கு இலங்கைப் பாஸ்போட் கொடுக்க முடியாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நீங்கள் இந்தியர், அவர்களுடைய அலுவலகத்துக்குப் போங்கள் என்று வழியும் காட்டினார்.

அங்கே இருந்தவர் மெட்ராஸ்காரர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "பூர்வீகம் எந்த ஜில்லாம்மா?" என்றார்.

"திருச்சிப் பக்கம்னு அப்பா சொல்வாருங்க. ஊர் பேரை அவருக்கும் யாரும் சொல்லலை."

பரவாயில்லை, இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டால் பாஸ்போட் கிடைக்கும் என்றார் அவர். கண்டாக்கையாவின் முகம் மலர்ந்தது. பேச்சியம்மா இன்னொன்று கேட்டாள்.

"லண்டன் போய்ட்டு, திரும்பி வட்டவளைக்கு வரலாங்களா?"

மெட்ராஸ்காரர் கொஞ்சம் தயங்கினார். "இந்தியான்னு பதிஞ்சுட்டா இந்த நாட்டுக்குள்ள வர்றதுக்கு இவங்ககிட்ட விசா கேக்கணும்மா. இருக்க விடுறதும் விடாததும் இவங்க இஷ்டம்."

"எங்க காம்பராவுக்குப் போறதுக்கா?"

"ஆமாம்மா."

"விடலைன்னா?"

"இந்தியாவுக்குப் போகலாம்."

"அங்க எங்கங்க போறது?"

அதைத்தான், எந்த ஜில்லா என்று, சற்று முன்னால் அவர் அவளிடம் கேட்டிருந்தார்.

பேச்சியம்மா எழுந்தாள். "போறதுக்கு வழி இருக்கு, வர்றதுக்கு வழி இல்லைன்னா அதுக்குப் பேரு பயணம் இல்லைங்க. அது ஒருநாள் தானா வரும். அதுக்கு எதுக்கு லண்டன்," என்றாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் ரயிலில் அவள் வாயே திறக்கவில்லை. பொல்காவலையிலும் பேசவில்லை, கம்பளையிலும் பேசவில்லை. இத்தனை நாளாக அவளைப் பேசாமல் இருக்கப் பழக்கிய கண்டாக்கையாவுக்கு அந்த மௌனம் பயமாக இருந்தது. நாவலப்பிட்டியில் இறங்கி ஓடிப்போய் வடை வாங்கி வந்து நீட்டினார்.

"ஏதாச்சும் பேசு பேச்சி."

"வெரி ஹாப்பி," என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. வடையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கம்பெனி கண்காட்சியை நிறுத்தவில்லை. மலை கட்டியாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. கொழும்பிலிருந்து ஷிராணி என்ற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். துணிக்கடை விளம்பரங்களுக்குச் சேலை கட்டி நிற்பவள்; நல்ல ஆங்கிலம் பேசுவாள்; எல்லாவற்றுக்கும் மேலாகப் பாஸ்போட் வைத்திருந்தாள். ஒரு கிழமை ஊசிமலையில் இருந்து கொழுந்துக்காரியாகப் பழகிக்கொள்ள அவளை அனுப்பிவைத்தார்கள். பழக்கிவிடும் வேலை பேச்சியம்மாவுக்குக் கொடுக்கப்பட்டது. லண்டனுக்கு ஆளைத் தயார்பண்ணுவதில் தோட்டத்திலேயே அனுபவம் உள்ளவள் அவள்தானே.

லயத்துப் பெண்களுக்கு ஷிராணியைக் கண்டதும் எரிச்சல். பேச்சியம்மா கையில் சிக்கி அழப் போகிறாள் என்று எதிர்பார்த்தார்கள். பேச்சியம்மாவும் முதல் நாள் அந்த எண்ணத்தோடுதான் மலைக்குக் கூட்டிப்போனாள். சாக்குப் படங்கை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் ஏறவிட்டாள். ஒரு நிரையை முடிப்பதற்குள் ஷிராணியின் இரண்டு காலிலும் அட்டை. அவள் கத்தவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "அக்கே, இது லண்டனில் இருக்காதே?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"அங்க வேற அட்டை நோனா. அது கடிக்காதாம்," என்று சொல்லிச் சுண்ணாம்பு தடவிவிட்டபோது பேச்சியம்மாவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தப் பிள்ளை என்ன செய்யும். ஒரு கடையில் நிற்பதற்குப் பதிலாக இன்னொரு கடையில் நிற்கப் போகிறது. தன் கென்வஸ் சப்பாத்தை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிதாக இருந்தாலும் ஷிராணி அதைப் போட்டுக்கொண்டே மலையேறினாள்.

ஒரு நாள் மழை வலுத்து வேலை கலைந்தபோது ஷிராணி பேச்சியம்மாவின் காம்பராவுக்கு வந்தாள். ரொட்டியும் சம்பலும் தின்றாள். கறுப்பாக வடித்த தூசுத் தேத்தண்ணியைக் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டாள். சுற்றிப் பார்த்துவிட்டு, படுப்பது எங்கே என்றாள். இங்கேதான் என்றாள் பேச்சியம்மா. யார் யார் என்றாள். தானும் செல்லசாமியும், இரண்டு பிள்ளைகளும், மாமியாரும், கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் என்று பேச்சியம்மா சொல்லிக்கொண்டு போனாள். தண்ணீர் எங்கே என்று கேட்டதற்குக் கீழே பள்ளத்திலிருந்த பீலியைக் காட்டினாள். மூன்று லயத்துக்கும் அந்த ஒரு பீலிதான். கேட்டதைச் சொன்னாள், அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. விருந்தாளி கேட்டால் வீட்டைப் பற்றிச் சொல்வது வழக்கந்தானே.

போகும்போது ஷிராணி, லண்டனிலிருந்து அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பேச்சியம்மா காதோடு காதாகச் சொன்னாள். "வெள்ளைக்காரன் ரோடு கூட்டுறானான்னு பார்த்துட்டு வந்து சொல்லணும். அது போதும்."

கண்காட்சி தொடங்கிச் சில நாளில் துரை பேச்சியம்மாவை ஒப்பீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. மேசையில் லண்டன் பத்திரிகை ஒன்று. நடந்தது இதுதான். அட்டை மலைமேல் அதே லெட்சுமி என்ற பெயரில் கூடையோடு நின்ற ஷிராணியிடம் ஒரு பத்திரிகைக்காரி, உன் வீடு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறாள். ஷிராணிக்கும் அந்த இரண்டு சொல்லைத்தான் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஆனால் அவளுக்கு நன்றாக ஆங்கிலம் தெரியும் என்பதை மறந்துபோனார்கள். தெரிந்த ஆங்கிலம் அவளை இரண்டு சொல்லோடு நிற்க விடவில்லை. ஒரு காம்பரா, ஏழு பேர், மூன்று லயத்துக்கு ஒரு பீலி, கதவில்லாத கக்கூஸ் என்று, கொழுந்துக்காரி லெட்சுமியாகவே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பத்திரிகையும் தோட்டத்தின் பெயரோடு போட்டுவிட்டது.

"லண்டன்ல நீ என்ன சொல்றது?" என்றார் துரை.

"நான் லண்டனுக்கே போவலைங்களே, தொரை."

"லெட்சுமி சொல்றது. இங்கே போட்டிருக்கிறது."

"எம்பேரு பேச்சியம்மாங்க."

துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா கூரையைப் பார்த்தார். லண்டனில் பேசிய கொழுந்துக்காரி கொழுந்துக்காரியே இல்லை என்று கம்பெனி அறிக்கை விடலாம். விட்டால் கண்காட்சியே பொய்யாகிவிடும். அவள் நிஜமான கொழுந்துக்காரிதான் என்றால், அவள் சொன்னதும் நிஜமாகிவிடும். இந்த இரண்டில் எது மலிவு என்று லண்டனில் யோசித்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கொத்தனார்கள் வந்தார்கள். லயத்துக்கு வெள்ளையடித்தார்கள், கக்கூசுக்குக் கதவு போட்டார்கள், ரோட்டிலிருந்து படம் பிடித்தால் தெரியும் இடமாகப் பார்த்துப் புதிதாக ஒரு பீலி கட்டினார்கள். மேல் மலை லயங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவை ரோட்டிலிருந்து தெரியாது.

ஷிராணி திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தைக் கொடுக்கும் சாக்கில் வட்டவளைக்கு வந்தாள். இனிமேல் அந்தக் கம்பெனி தன்னைக் கூப்பிடாது என்றாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பேச்சியம்மா முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"பார்த்தேன் அக்கே. உண்மைதான். தங்கியிருந்த இடத்துக்கு முன்னால் தினமும் கூட்டுவார். வயதானவர்."

"வெள்ளைக்காரனா?"

"சுத்தமான வெள்ளைக்காரர். ஒரு நாள் நல்ல மழை. அப்போதும் கூட்டிக்கொண்டே இருந்தார்."

சிரிக்கலாம் என்று தயாராக இருந்த பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "படங்கு கட்டியிருந்தாரா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் ஷிராணி. "நனைஞ்சுருப்பாரே," என்று சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

புதுப் பீலியைத் துரைசாணி ரிப்பன் வெட்டித் திறந்தாள். இது துரையவர்கள் தொழிலாளர்மேல் வைத்த அன்பின் ஊற்று என்று கண்டாக்கையா பேசினார். பேசி முடித்துத் திறந்தபோது ஊற்று வரவில்லை. மேலே டாங்கியில் வால்வைத் திறக்க மறந்திருந்தார்கள். ஆள் ஓடிப்போய்த் திறந்து தண்ணீர் வரும்வரை பேச்சியம்மா சனத்துக்குப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்பதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீர் வந்த பிறகும் ஒருத்தரும் குடத்தைத் தூக்காமல் நின்று கேட்டார்கள் என்பதில் எல்லோரும் ஒன்று. மேல் மலை லயத்துப் பெண்கள்தான் அடுத்த மாதம் அவளைத் தொழிற்சங்கத்து மாதர் தலைவியாகப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள். அவர்களுடைய பீலிக்கு இரண்டு வருஷமும் ஒரு வேலைநிறுத்தமும் பிடித்தன.

அறுபத்திரண்டில் ஹட்டனில் நடந்த ஒரு பெரிய கூட்டத்தில் அவளுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். மணி அடித்தார்கள், அவள் கவனிக்கவில்லை. மறுபடியும் அடித்தார்கள். செல்லசாமி பின்வரிசையில், மடித்த குடையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர் திம்புள்ளைப் பக்கத்து ஆள். அவளை அன்றுதான் கேட்கிறார்.

"இந்தம்மா இவ்வளவு நல்லாப் பேச எங்கங்க பழகுனாங்க?"

செல்லசாமி கொஞ்சம் யோசித்தான்.

"பழகலைங்க," என்றான். "நான் கட்டிக்கிட்டு வரும்போதே இப்படித்தான்."